ஓரியின் அம்பும் ஒரு மில்லிமீட்டர் வழக்கும்

புறநானூற்றின் 152ஆம் பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும், "ஊடுருவிப் போய்விட்ட அம்பால் விலங்கு எப்படி ஐயா உடனே விழும்?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. தேடிப் போன இடத்தில், அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஏறத்தாழ இதே கேள்வியை வைத்துப் பல பத்தாண்டுகள் சண்டையிட்டிருப்பதைக் கண்டேன்.

அச்சண்டையின் ஒருபுறம் ஜாக் ஓகானர் (1902–1978). அரிசோனா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். துப்பாக்கிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெறுமுன் நாவல் எழுதியவர். மறுபுறம் எல்மர் கீத் (1899–1984). ஐடஹோ மாநிலத்தில் மாடு மேய்த்தும் பண்ணை நடத்தியும் வாழ்ந்தவர். ஓகானர், 1925இல் வெளிவந்த .270 வின்செஸ்டர் தோட்டாவின் கட்சி; சிறிய குண்டு, மிகுந்த வேகம். கீத்துக்கோ குண்டு பருமனாகவும் கனமாகவும் இருந்தால்தான் நம்பிக்கை. இருவர் வாசகர்களுக்கும் பொது அளவுகோலாக நின்றது, 1906இல் அமெரிக்கப் படைக்கென வந்த .30-06.

எண்களைப் பார்ப்போம். .270இல் மானுக்கு வழக்கமாகப் பயன்படும் குண்டு 130 கிரெயின், அதாவது சுமார் 8.4 கிராம். குழலை விட்டு நீங்கும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 930 மீட்டர். .30-06இன் 180 கிரெயின் குண்டு 11.7 கிராம், வேகம் 820 மீட்டர் அளவில். முன்னதன் விட்டம் 7.04 மி.மீ., பின்னதன் விட்டம் 7.82 மி.மீ. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. 1955இல் வந்த .243 வின்செஸ்டரின் குண்டு இன்னும் சிறியது, 6.17 மி.மீ. வெள்ளைவால் மானை வேட்டையாட இம்மூன்றும் இன்றும் பயன்படுகின்றன. மூன்றாலும் மான் சாகிறது.

வழக்கு தவறான இடத்தில் நடந்தது என்பதே என் எண்ணம். தோட்டா என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். பித்தளை உறை, வெடிமருந்து, முனையில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது அதன் பெயர்தான். மானின் உடலுக்குள் செல்வதோ குண்டு மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. 1892ஐச் சேர்ந்த 7×57 மௌசர் தோட்டாவுக்கு இங்கிலாந்தில் .275 ரிக்பி என்று பெயர். 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டது இதனால்தான். ஆப்பிரிக்காவில் டபிள்யூ.டி.எம். பெல் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றதும் இதனால்தான். ஆனால் பெல் பயன்படுத்தியது முழு உலோக உறையிட்ட, விரியாத குண்டு. மூளையைக் குறிவைத்துச் சுட்டார். அதே குண்டை மானின் நுரையீரலில் செலுத்தினால் மெல்லிய துளையிட்டு மறுபுறம் போய்விடும். மான் நெடுந்தூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மெல்லச் சாகும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு அது தடைசெய்யப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

எதிர்முனையிலும் இடருண்டு. மென்மையான ஈயக்குண்டு அதிவேகத்தில் தோள் எலும்பில் பட்டால், உள்ளே செல்லாமலே சிதறிவிடும். 1946இல் கனடாவில் மூஸ் வேட்டையின்போது தம் குண்டு இவ்வாறு தோற்றதைக் கண்ட ஜான் நாஸ்லர், நடுவே செம்புத் தடுப்புச் சுவர் கொண்ட குண்டொன்றை உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். ஓகானருக்கும் கீத்துக்கும் இடையிலான வழக்கில் பாதியை இந்தச் சிறு சுவர் தீர்த்துவைத்தது எனலாம்.

மீதிப் பாதி, சுடுபவனின் தோளில் இருக்கிறது. தோட்டா பெரிதாகப் பெரிதாகத் துப்பாக்கியின் பின்னுதைப்பும் கூடும். உதைக்கு அஞ்சுபவன் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் உடலைச் சுருக்குகிறான், குறி தவறுகிறது. குடலில் பட்ட பெரிய குண்டைவிட நுரையீரலில் பட்ட சிறிய குண்டு கருணையுடையது. "ஆற்றல்" என்று விளம்பரங்கள் விற்பது, பெரும்பாலும், பயிற்சியின்மைக்கு எடுத்துக்கொள்ளும் காப்பீடு. அக்காப்பீட்டின் தவணையை மான் கட்டுகிறது.

மானோடும் அது முடிவதில்லை. காட்டில் விட்டுச்செல்லும் குடலில் ஈயத் துணுக்குகள் தங்குகின்றன. அவற்றைத் தின்ற கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் நஞ்சேறி மடிந்தன. 1982இல் உலகில் எஞ்சியிருந்தவை 22. 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. செம்புக்குண்டுகள் அவ்விடத்தைப் பிடித்திருக்கின்றன. விட்டத்தைப் பற்றி இத்தனை மை செலவழித்தவர்கள், குண்டு எதனால் ஆனது என்பதை எவ்வளவு தாமதமாகக் கேட்டார்கள்!

துப்பாக்கியைத் தொட்டறியாத தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை பெரும்பாலும் பழங்கதை. அச்சட்டம் நீடிக்கவேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் நான் ஓரியின் கொல்லிமலை அடிவாரத்தில் வளர்ந்தவன். சிறுவயதில் எங்கள் சோளக்காட்டில் ஒரு காட்டுப்பன்றி வந்து விழுந்தது. யாரோ நாட்டுத் துப்பாக்கியால் வயிற்றில் சுட்டிருந்தார்கள். விடியும்வரை அதன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது; வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. சுட்டவன் எந்த ஊரில் உறங்கினானோ.

அந்த மாணவிக்கு இப்போது விடை சொல்ல முடியும். அம்பு எத்தனை உடல்களைக் கடந்தது என்பது பாணரின் கணக்கு. போகும் வழியில் இதயத்தையோ நுரையீரலையோ கிழித்துக் குருதியை வடித்ததா என்பதே விலங்கின் கணக்கு. பாடலில் யாவும் அக்கணமே வீழ்கின்றன. அவ்வாறு வீழ்ந்திருந்தால், அதைவிடப் பெரிய விற்றிறம் வேறில்லை.