பல்லில் அடைத்த உலோகம்

சொத்தைப் பல்லை அடைக்கும் "வெள்ளி"யில் வெள்ளி மட்டுமா இருக்கிறது? ஏறக்குறையப் பாதி பாதரசம்! வெள்ளீயமும் செம்பும்கூட உண்டு.

பல் இடுக்கில் தங்கும் மிட்டாயைக் கிருமிகள் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பல்லை அரிக்கும் அதே அமிலம் உலோகத்தையும் அரிக்கிறது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் தயிர் வைத்தால் களிம்பு ஏறுமே, அந்தக் கதைதான். உறையில் நிக்கல் கலந்திருந்தால், கரையும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஈறு சிவந்து வீங்கும்.

கசிவது மிகச் சிறிய அளவே. நல்ல அடைப்பைப் பிடுங்கச் சொல்லி ஓட வேண்டாம். பிடுங்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதரச அடைப்பு கூடாது என்றது. 2025-ல் சில விலக்குகளோடு மற்றவர்களுக்கும் நிறுத்தியது.

என்ன உலோகம் வைக்கிறோம் என்பதை டாக்டர், நோயாளி கேட்காமலே சொல்ல வேண்டும். சீட்டில் எழுதியும் கொடுக்க வேண்டும்.