அறைக்குள்ளும் சன நெருக்கடி

 

வீட்டில் தனியே இருப்பவரைச் சனக் கூட்டம் நெருக்குமா? நெருக்கும் என்கிறார் என் பழைய மாணவர் ஒருவர். தொழில் லண்டனில். சீனி வருத்தக்காரர். வைத்தியர் சைக்கிள் ஓடச் சொன்னார். குளிருக்குப் பயந்து, சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி ஒரு கருவியில் பூட்டி, அறைக்குள்ளேயே மிதிக்கிறார். எதிரே கணினித் திரையில் 'ஸ்விஃப்ட்' என்ற விளையாட்டு, வட்டோப்பியா என்றொரு கற்பனைத் தீவைக் காட்டுகிறது. மிதிக்கும் பலத்துக்கேற்ப நம் உருவம் அங்கே ஓடும். 2014இல் தொடங்கிய இதில், 2020 கொரோனா முடக்கத்தின்போது உலகமெங்குமிருந்து ஆட்கள் குவிந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஓர் உலக சாம்பியன் போட்டியையே அத்தீவில் நடத்தினார்கள்.

அங்கே யாரும் யாருடனும் மோதுவதில்லை. ஓர் உருவத்துக்குள் மற்றது புகுந்து போய்விடும். பிறகென்ன கஷ்டம் என்பீர்கள். முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டி ஓடினால் காற்றுத் தடை குறையுமல்லவா? அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குள் இருக்கும்வரை இலகு. சற்றுப் பின்தங்கினால் அதே வேகத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும். விட்டுவிடக் கூடாதென்று மனிதன் மூச்சு முட்ட மிதிக்கிறான். நம் மாணவர் ஒருநாள் சீனி இறங்கி, கைபிடியிலேயே சாய்ந்துவிட்டார். மனைவி ஓடிவந்து சீனித் தண்ணீர் பருக்கியிருக்கிறார்.

(உடல் நிறையைக் குறைத்துப் பதிந்து வேகம் கூட்டுவோரும் அங்கே உண்டாம். நிறுவையில் மோசடி செய்யத் தராசுதான் வேண்டுமென்பதில்லை!)

உமர் (ரழி) அவர்கள் பலசாலி. ஹஜருல் அஸ்வத் அருகே நெருக்கி, பலவீனருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாமென்றும், இடமில்லாவிட்டால் அதை முன்னோக்கித் தஹ்லீலும் தக்பீரும் சொல்லுமாறும் நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. தவாபில் நாம் நெருக்கினால் நோவது அடுத்தவருக்கு. இங்கே நோவது நமக்கே. ஆனால் அந்தப் பலவீனருக்குரிய உரிமை நம் உடலுக்கும் உண்டே!

ஆகவே கூட்டம் போனால் போகட்டும். ஏறக்குறைய ஒரே பலத்தில் சுற்றிவரும் இயந்திர ஓட்டுநர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் மெதுவானவரைத் தெரிவு செய்யுங்கள். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். இனிப்பு ஏதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தெரிந்தவர்கள் மட்டும் சந்தித்து ஓடும் வசதியும் உண்டு. அதில் மற்றவர்களைத் திரையிலிருந்து மறைக்கலாம். யாரும் பின்தங்காமல் ஒன்றாகவே வைத்திருக்கவும் செய்யலாம்.

மாணவர் இப்போது சுபஹு தொழுதுவிட்டு, பர்மிங்ஹாமில் இருக்கும் மச்சானுடன் இருவராக ஓடுகிறார். மச்சான் கொஞ்சம் பருத்தவர். தொலைபேசியைத் திறந்து வைத்து, ஏற்றத்திலும் ஊர்க்கதை பேசுகிறார்களாம்.