உல்லாசப் பயணத்தில் ஒரே பந்தி

கூடி உண்பது தமிழர்தம் பழம்பெரும் பண்பு என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குகிறோம். வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும், ‘நட்பு’ தொடங்கி ‘கூடா நட்பு’ வரை நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்களும் வகுத்தார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் உல்லாசப் பயணம் செல்லும் நாளில், நண்பகல் உணவு வேளையில், அந்த ஆறு அதிகாரங்களும் எங்கே போய்விடுகின்றன? இதைப் பற்றித் தோழியரோடும் பெற்றோரோடும் அருட்சகோதரியரோடும் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

நாங்கள் அடி அண்ணாமலையிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவியர். எங்கள் ஊர் மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. பௌர்ணமிதோறும் அந்தப் பாதையில் அன்னதானம் நடப்பதைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காரில் வந்து இறங்கியவரும் அந்த வரிசையில் நிற்பார். பாதையோரம் படுத்துறங்கும் பெரியவரும் நிற்பார். இருவர் கையிலும் ஒரே தொன்னை, ஒரே சாம்பார் சாதம். யாரும் யாரையும் “உன் மடியில் எவ்வளவு காசு இருக்கிறது?” என்று கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைச் சென்னைக்கு அருகே, கடலோரச் சாலையில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவில் கண்டோம். வாயிலிலேயே எங்கள் பைகளைச் சோதித்து, “வெளி உணவுக்கு உள்ளே அனுமதி இல்லை” என்றார்கள். விடியற்காலையில் எழுந்து எங்கள் தாய்மார் கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலங்கள் பேருந்திலேயே தங்கிவிட்டன. இராட்டினங்களில் சுற்றியபோது நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் சுற்றினோம், ஒன்றாகத்தான் கத்தினோம். பசி வந்ததும் பிரிந்துவிட்டோம். பணம் இருந்தவர்கள் கடல் உணவகத்தின் குளுகுளு அறைக்குள் சென்றார்கள். கொஞ்சம் இருந்தவர்கள் சிற்றுண்டிக் கடையை நாடினார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் மர நிழலில் அமர்ந்து, “எங்களுக்குப் பசியில்லை” என்றார்கள்.

கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவரின் மகளும் அப்படிச் சொன்னவர்களுள் ஒருத்தி. அவளைக் கைப்பிடித்து உணவகத்திற்குள் அழைத்துச் சென்று, ஒரு மீன் சாப்பாடு வாங்கி, இன்னொரு தட்டுக் கேட்டு இருவராகப் பகிர்ந்துகொண்டோம். வஞ்சிர வறுவல் துண்டு ஒன்றுதான். அதை அவள் இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை எங்கள் பக்கம் தள்ளினாள். நெடுநேரம் சிரித்துப் பேசினாள். ஆனால் இந்த ஆண்டு உல்லாசப் பயணத்திற்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது அவள் பெயர் கொடுக்கவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்றாள். அவள் அம்மாவோ அன்று மாலையும் வழக்கம்போல் கடையில்தான் இருந்தார்.

தோழியரே, இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. பங்கிட்டு உண்பது நல்லதுதான். ஆனால் அது போதுமா? கொடுப்பவளுக்கு அது மகிழ்ச்சி. வாங்குபவளுக்கோ ஒவ்வொரு கவளமும் கடனாகத் தெரியும். ஒருத்தி எப்போதும் கொடுப்பவளாகவும், மற்றொருத்தி எப்போதும் வாங்குபவளாகவும் இருந்தால் அந்த நட்பு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே, யாரும் யாரிடமும் பங்கு வாங்கத் தேவையில்லாதபடி பந்தியை அமைப்பதே சிறந்தது என்பது எங்கள் கருத்து.

தனிப் பந்தியின் கொடுமையைத் தமிழகம் முன்பே கண்டிருக்கிறது. வ. வே. சு. ஐயர் 1922-ஆம் ஆண்டு சேரன்மாதேவியில் நடத்தத் தொடங்கிய குருகுலத்தில், சில பிராமண மாணவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. செய்தி வெளியே தெரிந்ததும் தமிழ்நாட்டுக் காங்கிரசே இரண்டுபட்டது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடம் நாட்டின் அரசியலையே உலுக்கியது என்றால், பந்தி என்பது சிறிய செய்தி அன்று. அன்று பிரித்தது சாதி. இன்று உல்லாசப் பயணத்தில் பிரிப்பது பணப்பை. பிரிந்து உட்கார்ந்த பிள்ளையின் மனத்தில் இரண்டும் ஒரே வடுவைத்தான் உண்டாக்கும்.

அதே தமிழகம் நல்ல வழியையும் காட்டியிருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பரவியது. 1982-இல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. பசியைத் தீர்த்ததோடு, பல வீட்டுப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒரே உணவை உண்ண வைத்ததும் இத்திட்டங்களின் பெருமையாகும்.

“அவரவர் பணம், அவரவர் விருப்பம். ஆண்டுக்கு ஒரு நாள் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டால் என்ன தவறு?” என்று சிலர் கேட்கலாம். குடும்பத்தோடு செல்லும்போது தவறே இல்லை. உணவகத்தாரையும் நாங்கள் குறை கூறவில்லை. கடல் மீன் மலிவான பொருள் அன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அந்நாட்களில் வஞ்சிரம் என்றாலே விலை எட்டாத உயரத்தில் நிற்கும். மற்ற நாட்களிலும் டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் செலவு உண்டு. சட்டமும் உரிமையாளர் பக்கமே பேசுகிறது. திரையரங்கு உரிமையாளர்கள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் தூய குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் இடத்தில் எதை அனுமதிப்பது என்பது அவர்கள் உரிமை. எந்த இடத்திற்குச் செல்வது என்பது நம் உரிமை அல்லவா?

அந்த உரிமையைப் பயன்படுத்துவோம். நம் மாவட்டத்திலேயே சாத்தனூர் அணை இருக்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. பூங்கா உண்டு, முதலைப் பண்ணை உண்டு. அணையருகே சுடச்சுட வறுத்துத் தரும் மீனுக்கும் பெயர் உண்டு. கடல் மீன் இல்லாவிட்டால் என்ன? கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் நாவுக்குக் குறைந்தவையா? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே மர நிழலில் வட்டமாக அமர்ந்து வீட்டுப் பொட்டலத்தை அச்சமின்றிப் பிரிக்கலாம்.

தொலைதூரப் பூங்காவுக்கே செல்வதானாலும் வழி இருக்கிறது. பயணக் கட்டணத்திலேயே எல்லோருக்கும் ஒரே உணவைச் சேர்த்துவிடலாம். கைச்செலவுக்கு ஆளுக்கு இவ்வளவுதான் என்று பள்ளி வரம்பு கட்டலாம். கட்டணம் செலுத்த இயலாதவர்க்கு உதவும்போது, அது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாதபடி செய்யலாம். பெற்றோர்களே, உங்கள் மகளின் கையில் கூடுதலாகத் திணிக்கும் அந்த நோட்டை வகுப்பின் பொது நிதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அவள் ஒருத்தி நான்கு துண்டு மீன் உண்பதைவிட, நால்வர் ஆளுக்கு ஒன்று உண்பதில் அவளுக்குக் கிடைக்கும் இன்பம் பெரிது.

மீன் உண்ணாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் வரும். எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை இறைச்சி ஒதுக்கி மீன் உண்ணும் வீட்டாரும் உண்டு. கிருத்திகைக்கு விரதம் இருக்கும் வீட்டாரும் உண்டு. மீன் வாசனையே ஆகாதவர்களும் உண்டு. ஒரே பந்தி என்றால் ஒரே குழம்பு என்று பொருள் அன்று. ஒருத்தி தட்டில் மீனும் அடுத்தவள் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கட்டும். மீன் உண்பவள் மற்றவளைக் கேலி செய்யாமலும், உண்ணாதவள் முகம் சுளிக்காமலும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் பழகுவதும் கல்வியே. வீட்டிலும் ஊரிலும் எளிதில் கிடைக்காத இந்தப் பாடத்தைப் பள்ளிதான் தர முடியும்.

இராட்டினம் சில நிமிடங்களில் நின்றுவிடும். நீர்ச்சறுக்கில் நனைந்த ஆடை மாலைக்குள் காய்ந்துவிடும். ஆனால் யார் பக்கத்தில் உட்கார்ந்து உண்டோம், யாரை வெளியே விட்டு உண்டோம் என்பது பல்லாண்டு நெஞ்சில் நிற்கும். அடுத்த உல்லாசப் பயணத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, “அங்கே என்னென்ன விளையாட்டு இருக்கிறது?” என்று கேட்பதற்கு முன்னால், “அங்கே நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியுமா?” என்று கேட்போம். “முடியும்” என்று விடை வரும் இடத்திற்கு, பெயர் கொடுக்கத் தயங்கும் தோழியையும் உடன் அழைத்துக்கொண்டு செல்வோம்.