பொன்னி எந்த ஊர்க்காரி?

ஸ்காட்லாந்தில் அழகானவளை 'பொன்னி' என்பார்கள். ('பந்து' என்று சொல்லும்போது வருமே, அந்த 'ப'வில் ஆரம்பிக்க வேண்டும்.)

இதைச் சொன்னதுதான் தாமதம், வகுப்புத் தோழன் ஒருவன் குதித்தான். "மச்சி, பொன்லேருந்து வந்ததுடா! காவிரிக்கே பொன்னின்னுதானே பேரு!" இன்னொருவன் கொஞ்சம் விவரமானவன். "இல்லடா, ஃப்ரெஞ்சுலயும் ஒரு 'பொன்' இருக்கு, 'நல்ல'ன்னு அர்த்தம். 1295-ல ஸ்காட்லாந்தும் ஃப்ரான்ஸும் இங்கிலாந்துக்கு எதிரா கூட்டு சேர்ந்தாங்க. அப்ப ஒட்டிக்கிட்ட வார்த்தை."

ரெண்டு கதையும் ஜோர். ஆனால் காமர்ஸ் படிக்கிற நாம் வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடலாமா?

முதல் கதை: இந்த வார்த்தை 1500-களிலேயே எழுத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்ததே 1600-ல். நம் பொன்னி எந்தக் கப்பலில் ஏறிப் போனாள்?

இரண்டாவது கதை பரவாயில்லை ரகம். பொன்னி வெறும் 'அழகி' இல்லை. கொழுகொழு குழந்தையும் பொன்னி, வெயிலடிக்கும் நாளும் பொன்னி, தைரியமாகச் சண்டை போடுகிறவனும் பொன்னி. 1745-ல் கலகம் செய்து 1746-ல் கல்லோடனில் தோற்ற இளவரசர் சார்லிக்கும் அதுதான் அடைமொழி. இத்தனைக்கும் பொருந்துவது 'அழகு' அல்ல, 'நல்ல'. ஆக, ஃப்ரெஞ்சு உறவுக்கு வாய்ப்பு உண்டு.

ஆனால் 1295 ஒப்பந்தத்துக்கு என்ன அவசியம்? 1066-ல் நார்மன்கள் ஜெயித்ததிலிருந்தே இங்கிலாந்தில் ஃப்ரெஞ்சு புழங்கியது. இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் பக்கமும் பொன்னி இருக்கிறாள். கடைசியில் அந்த 'இ' எப்படி ஒட்டியது என்பதற்கும் திருப்தியான விளக்கம் இல்லை. அதனால்தான் அகராதிக்காரர்கள் 'இருக்கலாம்' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த 'இருக்கலாம்'தான் நமக்குக் கசக்கிறது. ஓசை ஒத்துப்போனால் உடனே சொந்தம் கொண்டாடுகிறோம். தமிழின் பெருமைக்கு இந்த இரவல் நகை எதற்கு? இப்படி நாலு வார்த்தையைப் பொய்யாகச் சேர்த்தால், 'கட்டுமரம்' நிஜமாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று சொல்லும்போதும் எவனும் நம்ப மாட்டான். கள்ளக்கணக்கு எழுதினால் நல்ல கணக்கும் சேர்ந்துதானே கெடும்?

தெரியாததைத் தெரியாது என்று விடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. பொன்னி அவள் ஊரிலேயே அழகாக இருக்கட்டும்.