மருத்துவ ஆய்வும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும்

மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: பின்னணித் தகவல்களுக்கு நம்பகமான தளம் எது? வினாவையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நம்பகம் என்பது தளத்தின் இயல்பு அன்று. ஒரு கூற்று, தான் பிறந்த இடத்திலிருந்து நம் ஆய்வேட்டுக்கு வந்து சேர்ந்த வழியைப் பொறுத்தது அது.

மொழியியல் பயின்றவர்களுக்கு இதைத் தமிழின் வழியே விளக்குவது எளிது. ‘மழை பெய்தது’ என்பவர் அச்செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். ‘மழை பெய்ததாம்’ என்பவர் பிறர் சொல்லக் கேட்டதை அறிவிக்கிறார். தொல்காப்பியரும் முன்னோர் கருத்தை எடுத்துரைக்குமிடங்களில் ‘என்ப’ என்று குறித்துச் செல்கிறார். ஆய்வேடுகளின் முன்னுரைகளில் தொலைந்துபோவது இந்த ‘ஆம்’தான். மேற்கோள் எண்ணை இட்டவுடன், கேட்ட செய்தி கண்ட செய்தியாகிவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றே போதும். 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் போர்ட்டர், ஜிக் ஆகிய இருவர் ஒரே பத்தியில் ஒரு கடிதம் எழுதினர். அபின்வகை வலிநீக்கி பெற்ற 11,882 நோயாளிகளுள், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதிருந்து பின்னர் அதற்கு ஆளானவர்களாக நால்வரே பதிவாகியிருந்தனர் என்பது அதன் சாரம். அவர்கள் அனைவரும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள். மாதக்கணக்கில் வீட்டிலிருந்து மாத்திரை உட்கொண்டவர்கள் அல்லர். 2017-இல் அதே இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைப் பரிசோதித்தது. அவற்றுள் 72.2 விழுக்காடு, அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே கடிதத்தைக் காட்டியிருந்தன. 80.8 விழுக்காடு, அவர்கள் உள்நோயாளிகள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. அபின்வகை மருந்துகளின் பெருக்கத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்த மேற்கோள் சங்கிலிக்கும் பங்குண்டு. கடிதம் பொய் சொல்லவில்லை. வெளிவந்த இதழும் தலைசிறந்தது. வழியில் உதிர்ந்துபோனது ஒரு நிபந்தனை மட்டுமே.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்ப்போம். ‘இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை’ என்ற தொடர் எத்தனையோ கட்டுரைகளின் முதற்பத்தியில் இடம்பெறுகிறது. இவ்வெண் 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களைப் பற்றியது. விரல்நுனியில் குத்தியெடுத்த இரத்தத்தைக் கொண்டு அளந்தது. சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் அளவு வேறுபடக்கூடும் என்பது ஆய்வுலகில் விவாதிக்கப்பட்டு வரும் செய்தி. வயதும் அளவிட்ட முறையும் நீங்கிய பின் எஞ்சுவது எண் மட்டுமே. எண் மட்டும் தகவலாகாது.

எனவே தளங்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டிலும் சில பழக்கங்கள் பயன் தரும். பப்மெட் ஒரு தேடு அட்டவணை. அதில் இடம்பெறுவது தரச்சான்று ஆகாது. காக்ரேன் போன்ற முறைசார் திறனாய்வுகளில் தொடங்குங்கள். ஆனால் அவை சுட்டும் மூல ஆய்வின் அட்டவணை வரை செல்லுங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட 2010 ஆகிவிட்டது. ஆகவே மேற்கோள் காட்டுமுன் ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூற்பட்டியலைத் திறந்து பார்க்காமல் ஏற்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அது அழகாகத் தலைப்பிடும்.

மூலக் கட்டுரை கட்டணச் சுவருக்குள் இருக்கிறதே என்பார்கள். அக்குறை உண்மையானதே. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரி மாணவர்கள் இன்னும் அதற்கு வெளியே நிற்கின்றனர். அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கோருவது நம் அனைவரின் கடமை. வாயில் திறந்தவர்களோ சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டுவதற்கு இனிக் காரணம் சொல்ல இயலாது.

நெறியாளர்களிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒப்புமைத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள், சொற்கள் திருடப்பட்டனவா என்பதையே பார்க்கிறது. மேற்கோள் உண்மையா என்பதை அது பாராது. வாய்மொழித் தேர்வில் முன்னுரையிலிருந்து ஏதேனும் ஐந்து மேற்கோள்களைத் தேர்ந்தெடுங்கள். யாரிடம், எங்கே, எம்முறையில் கண்டறியப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மூலத்தைப் பார்க்க இயலாத மாணவர், ‘இன்னார் மேற்கோள்வழி’ என்று வெளிப்படையாக எழுதட்டும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கேட்டதைக் கேட்டது என்று எழுதுவது ஆய்வு நேர்மையின் முதற்படி; நம் மொழி அதற்கு ஓர் இடைச்சொல்லையே வைத்திருக்கிறது.