எண்ணப்படாத ஆபத்து: விண்கற்கள் சொல்லும் பாடம்

2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்று 2025 பிப்ரவரியில் உலகமே பேசிய 2024 ஒய்.ஆர்.4 விண்கல் நினைவிருக்கலாம். அதன் மோதல் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை உயர்ந்தது. அடுத்தடுத்த அளவீடுகளில் அது ஏறக்குறைய இல்லாமல் போனது. "பயமுறுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள்" என்று பலர் கேலி செய்தனர். ஆனால் அது பின்வாங்கல் அல்ல. கணக்கு துல்லியமானதன் விளைவு.

பார்த்த கல்லின் பாதையைக் கணிக்கலாம். பார்க்காத கற்களை எப்படி எண்ணுவது? நம் ஊர் கண்மாயை எடுத்துக்கொள்வோம். பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு மீண்டும் விடுகிறோம். அடுத்த வலையில் பத்தில் ஒன்பது அடையாளமிட்டவை என்றால், பெரும்பாலானவற்றை ஏற்கெனவே பிடித்துவிட்டோம் என்று பொருள். விஞ்ஞானிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மங்கலான கற்களும் சூரியன் இருக்கும் திசையில் வரும் கற்களும் தொலைநோக்கிக்குத் தப்பும் என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இதன்படி, பூமிக்கு அருகே வரும் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கலாம். அவற்றில் பாதிகூட இன்னும் சிக்கவில்லை. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்தது 20 மீட்டர் அளவிலான கல்தான். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யாரும் பார்க்கவில்லை. சுமார் 1,500 பேர் காயமடைந்தனர், பெரும்பாலும் சிதறிய ஜன்னல் கண்ணாடிகளால்.

தமிழகத்துக்கும் இத்தேடலில் பங்குண்டு. காவலூர் ஆய்வகத்தில் ராஜமோகன் குழுவினர் 1988-ல் கண்டறிந்த சிறுகோள், கணிதமேதை ராமானுஜன் பெயரைத் தாங்கியுள்ளது. அது பூமியை நெருங்கும் வகை அல்ல.

இதில் நாம் கற்க வேண்டியது, தெரியாததின் அளவையும் வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையை. விருதுநகர் மாவட்டத்தில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளுக்குப் பதிவேடு இருக்கிறது. உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளுக்கும், வீடுகளில் திரி சுற்றும் கைகளுக்கும் பதிவேடு ஏது? 2012-ல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை பலியான பிறகும், விபத்து நடந்த பின்னரே பல இடங்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கற்களையே மனிதன் மதிப்பிடுகிறான். பக்கத்துத் தெருவில் மருந்து அடைக்கும் அறைகளை எண்ண முடியாதா? எண்ணப்படாத ஆபத்தைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. கணக்கெடுப்பிலிருந்துதான் பாதுகாப்பு தொடங்க வேண்டும்.