துப்பாக்கி யாருக்கு?

ஆயுத பூஜை தினத்தன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம், வல்லம் வரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஸ்பானருக்குச் சந்தனம், லேத்துக்குக் குங்குமம், ரோபோ யந்திரத்துக்கு மாலை, வாசலில் பூசணிக்காய்! இதற்குப் பெயர் ஆயுத பூஜையாம். பூஜை போடுகிறவன் வீட்டில் காய்கறி நறுக்கும் அரிவாள்மணையைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. அவன் கும்பிடுகிற சாமிகளோ ஒன்றாவது வெறுங்கையோடு இருப்பதில்லை. ஒன்றுக்கு வேல், ஒன்றுக்கு வில், ஒன்றுக்குச் சூலம், ஒன்றுக்குச் சக்கரம். பற்றாக்குறைக்குக் கைகள் வேறு எட்டு, பத்து, பன்னிரண்டு! இவற்றுள் எந்தச் சாமி எந்தக் கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கிற்று என்று எவனும் கேட்பதில்லை. மனிதன் கேட்டால் மாத்திரம் ஆயிரம் ஆட்சேபணை.

இதே ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் செய்யப்படுகின்றது. இங்கிலாந்தில் என்பீல்டு என்னும் ஊரிலிருந்த சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்த ஒரு கம்பெனியிலிருந்து வந்த பெயர் அது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பதே அதன் பழைய விளம்பர வாசகம். 1857இல் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று சிப்பாய்கள் கிளம்பியதும் இந்த என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவைக் கொண்டுதான். (கூலிக்குச் சண்டை போட்டபோது வராத ரோஷம், கொழுப்பு பல்லில் படும் என்றவுடன் வந்தது என்பது வேறு விஷயம்.) கலகம் அடங்கிய பின் வெள்ளைக்காரன் நம்மவரிடமிருந்து ஆயுதங்களைப் பிடுங்கினான். 1878இல், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வெள்ளைக்காரனுக்கும் ஆங்கிலோ இந்தியனுக்கும் வேண்டாம். அதாவது, தோலைப் பார்த்து ஆயுதம்!

வெள்ளைக்காரன் மீது மட்டும் பழி போட்டுவிட்டுப் போக நாம் தயாராயில்லை. அவனுக்கு வெகு காலம் முந்தியே இந்நாட்டில் ஓர் ஆயுதச் சட்டம் இருந்தது. மனுதர்மத்தின் எட்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். தர்மத்துக்கு இடையூறு நேர்ந்தால் துவிஜர்கள் ஆயுதம் எடுக்கலாம் என்று அதில் இருக்கின்றது. துவிஜன் என்றால் யார்? பூணூல் போட்டவன். மற்றவன் வில் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஏகலைவனின் கட்டைவிரல் சாட்சி. வில்லைக்கூடத் தொடாமல் தவம் மாத்திரம் செய்தாலும் என்ன நடக்கும் என்பதற்குச் சம்பூகனின் தலை சாட்சி.

நிற்க. 1931இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு ஒவ்வொரு பிரஜைக்கும் ஆயுதம் வைத்திருக்க உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே ஒரு திருத்தமாகக் கொண்டுவந்தபோது அது தள்ளப்பட்டுப் போயிற்று. டாக்டர் அம்பேத்கரே அதை ஏற்கவில்லை. குற்றவாளிகளுக்கும் கேடிகளுக்கும்கூட அந்த உரிமை போய்ச் சேருமே என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானதே. கேடிக்குத் துப்பாக்கி வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. கேடிக்கு எதிரே நிற்கிறவனுக்கு என்ன ஏற்பாடு என்றுதான் கேட்கின்றோம்.

இப்பொழுதுள்ள 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 13ஆவது பிரிவில் இருக்கின்றது. சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனுக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று 14ஆவது பிரிவில் இருக்கின்றது. ஆனால் அதே 14ஆவது பிரிவில் பொது அமைதி என்று இரண்டு வார்த்தைகளும் இருக்கின்றன. ஏழையும் தாழ்த்தப்பட்டவனும் கேட்கும்போது அந்த இரண்டு வார்த்தைகளும் ஓடிவந்து குறுக்கே நின்றுகொள்ளும். பணக்கார மில் முதலாளி கேட்கும்போது பொது அமைதி தூங்கப் போய்விடும்.

பிறப்பைப் பார்த்து ஆயுதம் கொடுக்கும் வழக்கமாவது ஒழிந்ததா? குடகில் பிறந்த கொடவர்களுக்கும் அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த லைசென்ஸ் விலக்கு இன்றைக்கும் இருக்கின்றது. 2019இல் மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டிற்று. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. கொடவர்மீது நமக்கு விரோதமில்லை. அவர்கள் கையில் துப்பாக்கி இருப்பதால் குடகு சுடுகாடாகிவிடவில்லையே! துப்பாக்கி இருந்தாலே இரத்த ஆறு ஓடும் என்கிற பெரிய மனிதர்கள் ஒரு தடவை மடிக்கேரிக்குப் போய்விட்டு வரட்டும்.

துப்பாக்கி ஒரு பக்கத்தில் மாத்திரம் இருந்தால்தான் இரத்த ஆறு ஓடும். கீழத் தஞ்சையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் சேரிக்கு மிராசுதாரர் கூட்டம் துப்பாக்கியோடு வந்தது. சுடப்பட்டவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக 44 பேர் ஒரே குடிசையில் வெந்து செத்தார்கள். கடைசியில் உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் கௌரவஸ்தர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைப்பார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் எழுந்தது! துப்பாக்கியும் அவனுடையது, காரும் அவனுடையது, சந்தேகத்தின் பலனும் அவனுக்கே. அந்தச் சேரியில் லைசென்ஸோடு நாலு துப்பாக்கிகள் இருந்திருந்தால் அந்தக் கூட்டம் தெருவுக்குள் நுழைவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்காதா?

இதை நாமாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. சர்க்காரே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கின்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்மீது நடக்கும் வன்கொடுமைகளைத் தடுக்க 1989இல் வந்த சட்டத்துக்கு 1995இல் விதிகள் செய்தார்கள். அதன் 3ஆவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கும் என்று அஞ்சத்தக்க இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்; தேவையானால் அங்கே மற்ற சாதியாருடைய துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்யலாம்; தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள ஆயுத லைசென்ஸ் வழங்கலாம். இவ்வளவு தெளிவாக எழுதி, பிரசுரித்து, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்!

இனி, துப்பாக்கியே கூடாது என்பவர்களின் வாதங்களுக்கு வருவோம். போலீஸ் எதற்கு இருக்கின்றது என்கிறார்கள். மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் பாதுகாப்புக் கேட்கவில்லையா? தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு என்று ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காதவர்கள் 1997 ஜூன் 30இல் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அரிவாளுக்கு எந்தக் கலெக்டர் லைசென்ஸ் கொடுத்தார்? 1991 மே 21இல் இந்த ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டு எந்த ஆபீசில் பதிவாகியிருந்தது? இந்த வட்டாரத்தில் தொழிற்சாலை ஸ்கிராப்புக்காக அடித்துக்கொள்கிறவர்கள் எடுத்துவரும் நாட்டு வெடிகுண்டுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? சட்டத்தை மதிக்கிறவன் கை மாத்திரம் காலியாக இருக்கின்றது.

அமெரிக்காவைப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்களே என்பது அடுத்த வாதம். உண்மைதான், பயங்கரம்தான். கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்குவதுபோல் துப்பாக்கி வாங்கும் முறை நமக்கு வேண்டாம். பயிற்சிச் சான்று இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டாம். கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தைப் பார்த்துச் சுடுகிற முட்டாளை உள்ளே தள்ளட்டும். அதற்கு 2019இல் சட்டம் செய்தது சரியே. ஆனால் அமெரிக்காவைப் பார்க்கிறவர்கள் முழுவதும் பார்க்க வேண்டும். அடிமைத்தனம் ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாகாணம் என்ன செய்தது? விடுதலை பெற்ற நீக்ரோக்கள் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பிறகு அவர் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அகிம்சை பேசியவருக்கே இந்தக் கதி! குண்டு வீசினவர்கள் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?

படிப்பில்லாத ஏழை கோபத்தில் சுட்டுவிடுவான் என்று மூன்றாவது ஒன்று சொல்லுகிறார்கள். இதைத்தான் ஓட்டு கொடுக்கும்போதும் சொன்னார்கள், கோயில் நுழைவின்போதும் சொன்னார்கள். இராணுவத்தில் சேர்ந்தால் அதே ஏழையின் மகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து எல்லையில் நிறுத்துகிறார்கள். திருச்சி சர்க்கார் தொழிற்சாலையில் துப்பாக்கியைச் செய்கிறவனும் தொழிலாளிதான். செய்யத் தெரிந்தவனுக்கு, நாட்டைக் காக்கத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டு வாசலைக் காக்கத் தெரியாதாம்!

ஆகையால் தோழர்களே, உயிருக்குப் பயமுள்ளவர்கள், முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர்களும், மிரட்டலுக்கு ஆளாகும் கலப்பு மணத் தம்பதிகளும், மனுப் போடுங்கள். ஆயுத விதிகளின் ஏ-1 படிவத்தை நிரப்பிக் காஞ்சிபுரம் கலெக்டரிடம் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 14ஆவது பிரிவு, மேல்முறையீடு 18ஆவது பிரிவு. 1995ஆம் வருஷத்து விதியின்படி இந்த ஜில்லாவில் இதுவரை எத்தனை தாழ்த்தப்பட்டவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள், எத்தனை மற்றவர்களுடையதை ரத்து செய்தார்கள் என்பதையும் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.